பகலில் படுக்க ஒரு கட்டில்

தேவராஜ மொஹல்லாவில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். ரத்தம் எடுப்பது, மெஷினில் வைப்பது, ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. சொந்த ஊர் ஹனூர் பக்கம். கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். காலை ஏழரைக்குத் திறந்தால், வெறும் வயிற்றோடு வந்து காத்திருப்பவர்களுக்கு ஊசி குத்தியே பாதி நாள் போய்விடும். எனக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது, முழங்கை நரம்புதான் நிற்கும் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

அவர் முதன்முதலில் எங்கள் மாடிப்படி ஏறி வந்தபோது ஐம்பது வயது இருக்கும் என்று நினைத்தேன். கையில் ஒரு ஐஸ் பெட்டி. அதிலிருந்து ஆறு ரத்தக் குழாய்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். தெருவில் வசிப்பவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு சின்ன அமைப்பில் நர்ஸாக இருப்பதாகச் சொன்னார். ஆஸ்பத்திரிகளில் ஆண் நர்ஸை பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள். மார்க்கெட்டிலும் அவருக்கு அதுதான் பெயர் என்று பிறகு தெரிந்தது. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் பேசியது கன்னடம். அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

எங்கள் படிவத்தில் முகவரிக்கு ஒரு கட்டம் உண்டு. அவர் கொண்டுவந்த படிவங்களில் ஒன்றில் 'மார்க்கெட் பின்பக்கம், எவர்சில்வர் கடைக்குப் பக்கத்து ஷட்டர்' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'பஸ் ஸ்டாண்ட் சுவர், வேப்பமரத்தடி'.

"இதெல்லாம் அட்ரஸ் இல்லீங்க பிரதர்," என்றேன்.

"காலையில ஆறு மணிக்குப் போனா அவர் அங்கதான் இருப்பார். உங்க ரிப்போர்ட்டை நான் அங்கதான் கொண்டுபோய்க் கொடுப்பேன். இதைவிட நல்ல அட்ரஸ் எனக்குக் கிடைக்கல," என்றார். குரலில் கிண்டல் இல்லை. நான் அப்படியே டைப் செய்தேன்.

அதன்பிறகு வாரத்துக்கு ஒருமுறை வந்தார். ஆனி மாதம் ஒருநாள் அவர் கொண்டுவந்த குழாய்களில் ஒன்றில் சர்க்கரை நானூற்றைத் தாண்டியிருந்தது. மெஷினில் கோளாறோ என்று மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அதே எண்தான். பெண், வயது ஐம்பத்தைந்து, மார்க்கெட் பின்பக்கம்.

ரிப்போர்ட் வாங்க வந்த பிரதர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அந்தம்மாவுக்குக் காலில புண் இருக்கு. நடக்கிறதைப் பாத்தாலே தெரியுது. காட்ட மாட்டேங்கறாங்க. எங்கிட்ட கன்னடத்துல ரெண்டு வார்த்தைக்கு மேல பேசறதில்ல. நீங்க தமிழ்தானே? நாளைக்குக் காலையில ஒரு அரைமணி நேரம் வர முடியுமா?"

பிள்ளைகளுக்குச் சமைக்க வேண்டும், சிரமம் என்றேன். "முடியலன்னா பரவாயில்ல," என்று சொல்லி ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இன்னொரு தடவை கேட்டிருந்தால் இன்னொரு சாக்கு சொல்லியிருப்பேன். அவர் கேட்காததால் மறுநாள் போனேன்.

அந்தப் பெண்ணை எனக்கு முன்பே தெரியும். தெரியும் என்றால், இரண்டு வருடமாக அந்த ஷட்டரைக் கடந்துதான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெரிய அலுமினிய அண்டாக்கள் இரண்டு, அவற்றுக்குள் தேக்சாக்கள், கரண்டிகள், ஒரு ஜல்லிக்கரண்டி, எல்லாம் சங்கிலியால் கட்டி ஷட்டர் கைப்பிடியோடு பூட்டியிருக்கும். பக்கத்தில் ஒருவர் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். பாத்திரக்கடை சாமான், காவலுக்கு யாரோ ஆள் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். அப்படி முடிவு செய்துகொண்டால் நிற்க வேண்டியதில்லை.

"எந்த ஊருங்கக்கா?" என்று கேட்டேன்.

"பாலாத்துப் பக்கமுங்க. நீங்க?"

"ஹனூரு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஹனூருச் சந்தைக்கு எங்கய்யனோட வந்திருக்கறனுங்க. சின்னதுல."

சந்தையைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். பிறகு காலைப் பற்றிக் கேட்டேன். "காலுக்கு என்னுங்க, அது பாட்டுக்கு இருக்குது," என்று சேலையை இழுத்து மூடிக்கொண்டார்.

பிரதர் ஒரு கை தூரம் தள்ளி நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். காலின் பக்கமே அவர் பார்க்கவில்லை. அண்டாவைப் பார்த்தபடி, "இதுல எத்தனை பேருக்கு சமைக்கலாம்னு கேளுங்க," என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அடுப்பில் பாதி வேலையை விட்டுவிட்டு வந்தவளிடம் இதையா கேட்கச் சொல்வது. ஆனாலும் கேட்டேன்.

"சோறுன்னா நூத்தம்பது பேருக்கு வடிக்கலாமுங்க. சாம்பாருன்னா முன்னூறு பேருக்குப் பத்தும்," என்றார். அப்போதுதான் அவர் குரல் மேலே வந்தது. அதன்பிறகு நான் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மைசூருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தில் அவரும் அவர் கணவரும் இருபது வருடம் சமையல் வேலை பார்த்திருக்கிறார்கள். மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அறைதான் வீடு. பாத்திரங்கள் ஒவ்வொன்றாக அவர்களே வாங்கிச் சேர்த்தவை. கணவர் மாரடைப்பில் போனார். அடுத்த வருடம் ஊரடங்கு வந்து கல்யாணங்கள் நின்றுபோயின. மண்டபம் கைமாறி இடிபட்டபோது அறையும் அதோடு போயிற்று. பாலாற்றுப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போனார். அங்கே இடம் சின்னது.

"பாத்திரத்தை வித்துப்போட்டு வா, உனக்கு மட்டும்னா இடமிருக்குதுன்னாங்க. அதை வித்துப்போட்டா அப்பறம் நான் ஆருங்க?"

திரும்பி மைசூர் வந்துவிட்டார். வேறு மண்டபத்தில் வேலை கிடைக்கும் என்றுதான் வந்திருக்கிறார். வீடும் இல்லாமல் போனும் இல்லாமல் தனியாக நிற்கிற பெண்ணை நம்பி யாரும் ஒரு விசேஷத்தை ஒப்படைக்கவில்லை. மெஸ்களில் வெங்காயம் உரித்தும் பாத்திரம் கழுவியும் பிழைத்தார்.

"ஆசுபத்திரிக்குப் போனா படுக்கச் சொல்லுவாங்க. நான் படுத்துக்கிட்டா இதையெல்லாம் ஆரு பாத்துக்கறது? அதுனாலதானுங்க போகல."

அதைக் கன்னடத்தில் சொன்னேன். பிரதர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "சரி. அப்ப இன்னிக்குப் பாத்திரத்துக்கு வழி யோசிப்போம். காலை நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லுங்க," என்று எழுந்துவிட்டார். நானூறு சர்க்கரையோடு ஒருவரை அப்படியே விட்டுவிட்டு வருவதா என்று வழியில் கேட்டேன்.

"இத்தனை நாளா மூடி வெச்சிருக்காங்க. நான் இன்னிக்கு இழுத்துப் பாத்தா நாளைக்கு வேற தெருவுக்குப் போயிடுவாங்க. அப்பறம் நான் எங்க தேடறது?" என்றார். மாடிப்படிக்கு வந்தபோது, "'முட்டபஹுதா'ங்கறதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். தொடலாமா என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் அந்த அக்கா தானே சேலையை முழங்கால்வரை தூக்கினார். பாதத்தின் அடியில் ஒரு ரூபாய் அளவுக்குக் குழி. மஞ்சளும் சாம்பலும் அப்பிய துணி அதோடு ஒட்டியிருந்தது. நாற்றத்துக்குப் பழகிய வேலைதான் என்னுடையது, ஆனாலும் மூச்சை அடக்கிக்கொண்டேன். பிரதர் கையுறை மாட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்து, "தொடலாமா?" என்றார். அந்த அக்காவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு, "தொடுங்க," என்றார். துணியை நனைத்து எடுக்கும்போது ஒரு தடவை, கழுவும்போது ஒரு தடவை, கட்டும்போது ஒரு தடவை என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்.

அன்று வேலைக்குப் போய் முதல் ஆளின் கையைப் பிடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

அவர்கள் அமைப்பின் டாக்டர் வந்து பார்த்து இன்சுலின் எழுதினார். இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும். நடைபாதையில் எங்கே வைப்பது. எங்கள் பரிசோதனை நிலையத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாகக் கீழே இறங்கிப்போய் ஊசி போட்டுவிட்டு மேலே வருவேன். கட்டு மாற்றுவது பிரதர். ஒரு வாரம் அப்படிப் போயிற்று.

பிறகு விடாமல் மழை. மார்க்கெட் பின்பக்கம் தண்ணீர் ஓடியது. காலையில் கட்டிய கட்டு பத்து மணிக்கெல்லாம் ஊறிவிடும். ஐந்தாம் நாள் கடைசி இரண்டு விரல்களும் கறுத்திருந்தன. உடம்பு கொதித்தது. பிரதர் தொட்டுப் பார்த்துவிட்டு, முதல்முறையாக, "இன்னிக்கே போகணும்," என்றார். நான் சொன்னேன். அக்கா அண்டாக்களைப் பார்த்தார்.

நான் மேலே போய் எங்கள் முதலாளியான டாக்டரிடம், படிக்குக் கீழே இருக்கிற இடத்தில் கொஞ்சம் சாமான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். என்ன சாமான் என்றார். சொன்னேன்.

"இது லேபா, பாத்திரக்கடையா? ஏம்மா, நீ ஊசி போடப் போறதையே நான் கண்டும் காணாம இருக்கேன்," என்றார்.

"நீங்க ஒரு தடவை கீழ வந்து பாருங்க சார். பாத்துட்டு வேண்டாம்னா வேண்டாம்."

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். காலைப் பார்த்தார். அவர் டாக்டர்தானே, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "முதல்ல வண்டியைக் கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு, படிக்குக் கீழே கிடந்த பழைய அட்டைப்பெட்டிகளைத் தன் கையாலேயே இழுத்து வெளியே போட்டார்.

அண்டாக்களை நானும் பிரதரும் உருட்டிக்கொண்டு வந்து உள்ளே வைத்தோம். அக்காவை ஆட்டோவில் உட்காரவைத்து, அந்த வாசலில் நிறுத்தி, எல்லாவற்றையும் பார்க்கச் செய்தார் பிரதர். பிறகு சங்கிலியை அவர் கையிலேயே கொடுத்துப் பூட்டச் சொன்னார். அவருடைய பூட்டு, அவருடைய சாவி. மாற்றுச்சாவி உண்டா என்று நான் கேட்டேன். "நமக்கு எதுக்கு?" என்றார் பிரதர். அக்கா சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தக் காய்ச்சலிலும் முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று சீட்டு எழுதினார்கள். ஆறு வாரம் நடக்கக்கூடாது, காலை உயர்த்தி வைத்துப் படுத்திருக்க வேண்டும், காயத்தில் ஈரம் படக்கூடாது. நான் அதைத் தமிழில் படித்துச் சொன்னபோது அக்கா சிரித்தார்.

"எங்க படுக்கறதுன்னு எழுதலீங்களா?"

பெண்களுக்கான தங்கும் விடுதி ஒன்று நகரத்தில் உண்டு. சுத்தமான இடம். ஆனால் பொழுது சாய்ந்தபிறகு திறந்து காலை எட்டு மணிக்கு எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். வேலைக்குப் போகிறவர்களை மனதில் வைத்துப் போட்ட விதி. காலைக் கீழே வைக்கக்கூடாதவர் எட்டு மணிக்கு எங்கே போவார் என்று அந்த விதியை எழுதியவர்கள் நினைத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வார்டு நர்ஸிடம் கெஞ்சி நாலு நாள் கூடுதலாக வாங்கிய பிரதர், அந்த நாலு நாளும் விடுதிக்குப் பொறுப்பான அதிகாரியின் அறை வாசலில் போய் உட்கார்ந்தார்.

கடைசி நாள் என்னையும் வரச் சொன்னார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளின் நகல் வேண்டுமாம். நான் பாதி நாள் லீவு போட்டுப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிபன் டப்பா, மடியில் ஒரு ஃபைல். உள்ளே கூப்பிட்டதும் சண்டைக்குப் போவது போலப் போவார் என்று எதிர்பார்த்தேன். போய் வணக்கம் சொல்லிவிட்டு, ஃபைலிலிருந்து புகைப்படங்களை எடுத்து அதிகாரியின் மேஜையில் ஒவ்வொன்றாக வைத்தார். எல்லாம் முன்பு அந்த விடுதியில் தங்கிய பெண்களின் கால்கள். முகம் ஒன்றில்கூட இல்லை. ஒவ்வொரு காலுக்கும் இரண்டு படம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று. எது முதல் படம், எது இரண்டாவது என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

"ஆஸ்பத்திரியில ஆத்தி அனுப்பறாங்க சார். நம்ம காலையில எட்டு மணிக்கு வெளிய அனுப்பறோம். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போறாங்க," என்றார்.

அதிகாரி படங்களை வெகுநேரம் பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் அவர் கஷ்டம். "பகல்ல எல்லாரையும் வெச்சுக்கிட்டா எப்ப சுத்தம் பண்றது? ஆள் எங்க இருக்கு?"

"எல்லாரும் வேண்டாம் சார். டாக்டர் சீட்டு இருக்கிறவங்க மட்டும். நாலு கட்டில் போதும். சுத்தம் பண்ற நேரத்துல அந்தக் கட்டிலை நானே தூக்கி வராண்டாவுல வெக்கறேன்."

"தினமுமா?"

"தினமும்."

அதிகாரி பேனாவை எடுத்தார். மூன்று மாதத்துக்குச் சோதனை முறையில் என்று எழுதினார். அது மூன்று மாதத்தில் நிற்கவில்லை, இன்றுவரை நடக்கிறது. பிரதர் சொன்னபடி தினமும் காலையில் போய்க் கட்டில் தூக்கினார். இரண்டாவது வாரம் விடுதியில் வேலை செய்கிற பெண்களே, "நீங்க போங்க பிரதர், நாங்க பாத்துக்கறோம்," என்று அவரை விரட்டிவிட்டார்கள்.

பகலில் கட்டில் கிடைத்த முதல் நால்வரில் அக்கா ஒருவர். நல்ல நோயாளி என்று சொல்ல மாட்டேன். படுத்த இடத்திலிருந்தே விடுதிச் சாப்பாட்டைப் பற்றி ஓயாமல் பேசினார். உப்புமாவுக்கு ரவையை வறுக்கவில்லை, சாம்பாரில் புளி பச்சையாக நிற்கிறது, இதைப் பிள்ளைத்தாய்ச்சி சாப்பிட முடியுமா. சமையல்காரப் பெண் கோபித்துக்கொண்டு என்னிடம் வந்து, "உங்க ஊர்க்காரம்மாவைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க," என்றாள். சும்மா இருக்கவில்லை. மூன்றாவது வாரம் சமையலறை வாசலில் ஒரு நாற்காலி, எதிரே காலை நீட்ட ஒரு ஸ்டூல். அங்கே உட்கார்ந்து அவர் சொல்லச்சொல்ல அவள் செய்தாள். நான் ரத்தம் எடுக்கப் போகிற நாட்களில் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தேன். சர்க்கரை நூற்றெண்பதுக்கு வந்தது, பிறகு நூற்றைம்பது. காயத்தில் ரோஜா நிறத்தில் புதுத்தோல் ஏறியது.

அந்த நாட்களில் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு புதன்கிழமை பிரதர் வழக்கம்போல ஐஸ் பெட்டியோடு வந்தார். குழாய்களை மேஜையில் வைக்கும்போது ஒன்று உருண்டது. நான் பிடித்துவிட்டேன். பஸ் ஸ்டாண்ட் சுவர் ஓரத்தில் இருந்த பெரியவர் அன்று விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். மூன்று வருடமாக இவர் பார்த்துவந்த ஆள். எத்தனை கேட்டும் ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை, விடுதிக்கும் வரவில்லை.

"வீட்டுக்குப் போங்க பிரதர், இன்னிக்கு ஒருநாள்," என்றேன்.

"இன்னும் நாலு பேருக்குக் கட்டு மாத்தணும்மா," என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "அவர் ஒரு தடவைகூட என்னைத் திட்டினதில்ல. வேண்டாம்னு சொல்றப்பகூட கையெடுத்துக் கும்பிட்டுத்தான் சொல்வார்," என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினார். அவர் படி இறங்குவதை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் மதித்த ஆட்கள் சிலர் உண்டு. அன்று முதல் அந்த வரிசையில் அவருக்கு முன்னால் யாரையும் என்னால் வைக்க முடியவில்லை.

ஆறு வாரம் முடிந்தது. அடுத்தது வீடு. விடுதி மேற்பார்வையாளர், இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்கட்டும், மருந்து ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாரா, சண்டை போடாமல் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பிறகு வீடு பார்க்கலாம் என்றார். நானும் அது நியாயம் என்றுதான் நினைத்தேன். பிரதர் ஒப்புக்கொள்ளவில்லை.

"கட்டு போடறதுக்கு முன்னாடி நல்லவங்களான்னு கேக்கறோமா? வீடு கிடைச்சா அவங்களே மருந்தை ஒழுங்கா போட்டுக்குவாங்க. நான் பாத்திருக்கேன்."

வாடகைக்கு அறை தேடி நாங்கள் ஏழெட்டு வீடு ஏறி இறங்கினோம். தனியாள், பெண், வயதானவர், இதில் ஏதோ ஒன்றில் ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு நின்றுபோகும். கடைசியாக ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் வீடு. நாலு தலைமுறையாக மைசூரில் இருக்கிற தமிழ்க் குடும்பம். பின்பக்கம் தனி வாசலோடு ஓர் அறை காலியாக இருந்தது.

"முந்தி எல்லி இருந்தாங்க அவங்க?" என்று கேட்டார். அவருடைய தமிழில் பாதி கன்னடம்.

மண்டபத்தில் இருந்தார் என்று சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பிரதர், "ரெண்டு வருஷம் மார்க்கெட் பின்னாடி நடைபாதையில இருந்தாங்க சார். அதுக்கு முன்னாடி இருபது வருஷம் மண்டபத்துச் சமையல். இப்ப காலில ரெண்டு விரல் இல்ல, தினமும் இன்சுலின்," என்றார். போயிற்று இந்த வீடும் என்று நினைத்தேன்.

தபால்காரர் யோசித்தார். "நான் முப்பத்தாறு வருஷம் லெட்டர் கொடுத்தவன். ஷட்டர் முன்னாடி படுத்திருக்கிறவங்களுக்கும் லெட்டர் வரும், தெரியுமா? அவங்களைத் தேடித்தான் கொடுப்போம்," என்றார். பிறகு, "ராத்திரி உடம்புக்கு முடியலன்னா நான் யாருக்குப் போன் பண்றது?" என்று கேட்டார்.

"எனக்கு," என்றார் பிரதர். "எனக்கு," என்று நானும் சொன்னேன். சொன்னபிறகுதான் சொன்னது தெரிந்தது.

"ஆயித்து. வரச் சொல்லுங்க," என்றார் தபால்காரர்.

முதல் ஆறு மாத வாடகை அமைப்பின் பொறுப்பு. ஐப்பசியில் அக்கா குடிபோனார். அண்டாக்கள் ஒரு மினி வண்டியில் வந்து இறங்கின. பால் காய்ச்சினோம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

மூன்றாம் நாள் தபால்காரர் போன் செய்தார். அந்தம்மா அறைக்குள் படுப்பதே இல்லை, கதவைத் திறந்துபோட்டு வாசற்படியில்தான் படுக்கிறார், மழை பெய்தாலும் அங்கேதான். போய்க் கேட்டேன்.

"கதவைச் சாத்தினா மூச்சு முட்டுதுங்க. வெளிய ஆரு வர்றா போறான்னு தெரியறதில்ல. வெளிய படுத்தே பழகிப்போச்சுங்க," என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இத்தன பேரு பாடுபட்டு வாங்கித் தந்தீங்க. எனக்குச் சொல்லவே கூச்சமாயிருக்குது," என்றார்.

எனக்குத் துக்கமாக இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. பிரதரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை.

"நிறையப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். வீட்டுக்குள்ள போறதும் ஒரு வைத்தியம்தான், நாளாகும். நம்ம அவசரப்பட வேண்டாம்," என்றார்.

அவர் செய்தது இவ்வளவுதான். மதிய வேளைகளில் சும்மா போய் அந்த வாசலில் உட்காருவார். வாரத்துக்கு இரண்டு நாள். கட்டும் இல்லை, ஊசியும் இல்லை. அதற்குள் கொஞ்சம் தமிழ் கற்றிருந்தார். அக்காவின் கன்னடமும் அவருடைய தமிழுமாக ஏதோ பேசிக்கொள்வார்கள். படியிலிருந்து பாயை ஒரு முழம் உள்ளே நகர்த்தலாமா என்று கேட்பார். சரி என்றால் நகர்த்துவார், இல்லை என்றால் விட்டுவிடுவார். வருவோர் போவோர் தெரிகிற மாதிரி அறை ஜன்னலைத் தபால்காரர் கொத்தனாரை வைத்துப் பெரிதாக்கிக் கொடுத்தார். நாங்கள் யாரும் அவரைக் கேட்கவில்லை.

கார்த்திகையில் அக்காவுக்கு ஒரு நிச்சயதார்த்தச் சமையல் கிடைத்தது. நூறு பேருக்கு. விடுதிச் சமையல்காரப் பெண்ணை ஒத்தாசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நின்று செய்யாமல் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தே செய்யப் பழகிக்கொண்டார். பிறகு ஒரு காதுகுத்து, ஒரு வளைகாப்பு. அந்தப் பணத்தில் ஒரு போன் வாங்கிக்கொண்டார்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய மூன்று மாதச் சர்க்கரை ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மத்தியானம் போனேன். நல்ல ரிப்போர்ட். கையில் கொடுத்து நேரில் சொல்ல வேண்டும் என்று ஆசை. கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவை மூடி நான் பார்த்ததே இல்லை. தட்டினேன். பதில் இல்லை. சர்க்கரை இறங்கி மயக்கமாகிவிட்டாரோ என்று பயந்துபோனேன். பலமாகத் தட்டினேன்.

"ஆருங்க அது?"

"நாந்தாங்கக்கா."

"இரு அம்மிணி. தூங்கிட்டிருக்கறேன்."

நின்றேன். உள்ளே தண்ணீர் புழங்கும் சத்தம், பாய் சுருட்டும் சத்தம். ஐந்து நிமிடம் இருக்கும். தாழ்ப்பாளை எடுத்துக் கதவைத் திறந்தார். கன்னத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது.

"ஒரு போன் பண்ணிப்போட்டு வரக்கூடாதுங்களா? ஒரு பொம்பள அசந்து படுத்திருக்கற நேரத்துல இப்படியா கதவை இடிக்கறது?" என்று கடிந்துகொண்டார். ரிப்போர்ட்டை வாங்கி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் காபி போடப் போனார்.

தெருவுக்கு வந்ததும் பிரதருக்குப் போன் செய்து சொன்னேன்.

"நல்லா திட்டினாங்களா?"

"நல்லாவே திட்டினாங்க."

"சரி. இனிமே நானும் போன் பண்ணிட்டே போறேன்," என்றார். சிரிப்பது கேட்டது. பிறகு, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், இருமல் அதிகமாக இருக்கிறது, தெலுங்கு மட்டும்தான் பேசுகிறார், உங்களுக்குத் தெலுங்கு தெரிந்தவர்கள் யாராவது தெரியுமா என்று கேட்டார்.

எங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிற ஒரு தையல்காரம்மா இருக்கிறார். மறுநாள் காலை அவரையும் அழைத்துக்கொண்டு போனேன்.